நோட்டுக் குத்தியவர்களும் பதில் சொன்னவளும்

கரகாட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் நம்மிடையே இரண்டு வகை. 'தெய்வத்துக்கு ஆடிய கலை, இப்படி ஆபாசமாகப் போய்விட்டதே' என்று தலையில் அடித்துக்கொள்பவர்கள் ஒரு வகை. இவர்களை விட்டுவிடலாம். இன்னொரு வகையினர் பக்தினைப் படித்துவிட்டு மந்தைக்கு வந்தவர்கள். அடித்தள மக்களின் கொச்சைச் சிரிப்பு, அதிகாரத்தைத் தலைகீழாக்கும் சிரிப்பு, களியாட்டம், கலகம் என்றெல்லாம் எழுதுவார்கள். 90களின் சிறுபத்திரிகைகளில் இந்த எழுத்து நிறைய வந்தது. நானும் அதைப் படித்துத்தான் எழுதக் கற்றுக்கொண்டேன். ஆனால் இந்த இரண்டு வகையினரும் சேர்ந்து விட்டுவிட்ட கேள்வி ஒன்று உண்டு. ஆடிய பொம்பளை அந்த ராத்திரி என்ன பேசினாள்?

எனக்கு இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை. நாங்கள் நின்ற இடத்திலிருந்து வந்தது. பாஞ்சாலங்குறிச்சிக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் பக்கத்தில் ஒரு கரிசக்காட்டு ஊர், அதன் சேரி என் பிறப்பிடம். ஊர் அம்மன் கொடைக்கு இரண்டாம் நாள் ராத்திரி கரகாட்டம் வைப்பார்கள். ஊர் ஆம்பளைகள் வட்டமாக முன்னால். ஊர்ப் பெண்கள் சாவடித் திண்ணையில். நாங்கள் மேளக்காரர்களின் முதுகுக்குப் பின்னால், வெயிலில் வெடித்துக் கிடக்கிற புஞ்சையில். வெடிப்புக்குள் செருப்பு விழுந்தால் விடிந்தபிறகுதான் தேட முடியும் (செருப்புப் போட்டிருந்தால்தானே என்று என் அம்மா இதைப் படித்தால் சொல்வாள்). அங்கே நின்றால் ஆட்டக்காரியின் முதுகுதான் தெரியும். கரகத்தின் உச்சியில் கிளி சுற்றுவது தெரியும். மற்றதெல்லாம் காதால் பார்த்ததுதான். ஆகவே கரகாட்டம் என்றால் மற்றவர்களுக்கு நினைவு வருகிற உடம்பு எனக்கு நினைவு வருவதில்லை. குரல்தான் நினைவு வருகிறது.

கூட வாசிக்கிற மேளத்துக்கே நையாண்டி மேளம் என்றுதான் பெயர். நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி, தமுக்கு. கோயிலுக்குள் வாசிக்கிற பெரியமேளம் செய்ய முடியாத சேட்டையெல்லாம் இது செய்யும். சினிமாப் பாட்டை வாசித்துக்கொண்டே வந்து சட்டென்று அழுகிற மாதிரி இழுக்கும், சிரிக்கிற மாதிரி விட்டுவிட்டு ஊதும். முன்னிரவில் கரகம். தலையில் செம்போடு குனிந்து ஊசி எடுப்பதும், ஏணியில் ஏறுவதும், தட்டில் நின்று ஆடுவதும் அப்போது. நடுராத்திரிக்கு மேல் கரகத்தை இறக்கி வைத்துவிட்டு, குறவன் குறத்தி, ராஜா ராணி என்று பேச்சு தொடங்கும். அதற்காகத்தான் கூட்டம் காத்திருக்கும்.

பேச்சு இப்படிப் போகும். குறவன் கேட்பான்: "ஏ புள்ள, விடிய விடிய ஆடுதியே, கால் வலிக்கலயா?" அவள் சொல்வாள்: "எனக்குக் கால் வலிக்கல. முன்னால ஒக்காந்திருக்கிற அண்ணாச்சிமாருக்குத்தான் கண்ணு வலிக்கும். சொட்டு மருந்து கொண்டாந்திருக்கேன், வரிசையா வரச் சொல்லு." இன்னொரு தடவை: "இடுப்ப இந்த ஒடி ஒடிக்கியே, ஒடிஞ்சா யாரு பொறுப்பு?" "ஓடைப் பாலம் ஒடிஞ்சு ஒம்பது வருசமாச்சு, அதையே கட்டாத ஊரு, என் இடுப்பையா கட்டப் போகுது?"

இதில் இலக்கியம் ஒன்றும் இல்லை. ஆனால் இதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட லீவில் நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். கோவில்பட்டிப் பக்கம் அதை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். கட்டையில் குச்சி அடுக்கிக்கொண்டே பெண்கள் முந்தின ராத்திரிக் கதையைப் பேசுவார்கள். குறவன் அடித்த ஜோக் ஒன்றையும் அவர்கள் திருப்பிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் சொன்ன பதிலைத்தான் சொல்வார்கள். சொல்லச் சொல்லப் பதில் வளரும். பாலத்தோடு ரேசன் கடை சேரும், தண்ணி வராத குழாய் சேரும், குடித்துவிட்டு வருகிற புருசன் சேருவான். கணக்கப்பிள்ளை வந்தால் பேச்சு நின்றுவிடும், சிரிப்பு நிற்காது. கேள்வி கேட்டவனை மறந்து பதில் சொன்னவளை மட்டும் வைத்துக்கொண்ட இந்தப் பெண்களைவிட நல்ல விமர்சகர்களை நான் இதுவரை படிக்கவில்லை.

இதைச் சொல்லி கரகாட்டத்தை விடுதலைக் கலையாக்கப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பேச்சில் முக்கால் பங்கு அழுக்குத்தான். பொண்டாட்டியை அடிப்பது சிரிப்பு. பெண்ணுக்கு விலை பேசுவது சிரிப்பு. கறுப்பாக இருப்பது சிரிப்பு, குண்டாக இருப்பது சிரிப்பு. எல்லாவற்றையும்விட, குறவன் என்றாலே சிரிப்பு. அவன் திருடுவான், எலி தின்பான், பொண்டாட்டியை அடகு வைப்பான். குறத்தியோ எவனோடும் போவாள். மேடையில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் குறவர்கள் இல்லை. அந்தச் சாதியின் பெயரையும் பாசிமணியையும் எடுத்து மாட்டிக்கொண்டு எந்தக் கேவலத்தையும் பேசலாம் என்று ஓர் ஏற்பாடு. ஊரார் சிரித்தார்கள் என்று மட்டும் எழுதினால் நான் பொய்க்காரி. புஞ்சையில் நின்ற நாங்களும் சிரித்தோம். எலி தின்றவனைப் பார்த்து மாடு தின்றவர்கள் சிரித்தோம். நமக்கும் கீழே ஒருத்தன் இருக்கிறான் என்று அந்தச் சிரிப்பு எங்களுக்குச் சொன்னது. பக்தினைக் கொண்டுவந்த தோழர்கள் இந்தச் சிரிப்பை எந்தக் கணக்கில் வைப்பார்கள் என்று தெரியவில்லை.

இனி நோட்டு விஷயம். ஆட்டத்துக்கு நடுவில் ரூபாய் நோட்டை ஆட்டக்காரியின் ரவிக்கையில் ஊக்கால் குத்துவது வழக்கம். குத்தியவர் பெயரை மைக்கில் சொல்வார்கள், சாதிப் பட்டத்தோடு. 'இன்னார் அவர்கள் அன்பளிப்பு ரூபாய் பத்து.' ஊர் ஆம்பளைகளுக்குள் இதில் போட்டி நடக்கும். யார் பெயர் எத்தனை தடவை வந்தது என்று ஒரு வாரம் பேசுவார்கள். எங்களிடம் கொடைக்கு வரியே வாங்கமாட்டார்கள், அப்புறம் நோட்டு எங்கே குத்துவது. 90களின் நடுவில் இது மாறத் தொடங்கியது. எங்கள் பையன்கள் வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்துக் காசு அனுப்பினார்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் புகுந்த போலீஸ், பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும் டிவிப் பெட்டியையும் தேடித்தேடி அழித்ததே, எந்த வயிற்றெரிச்சலில் அழித்தது என்று இந்தப் பகுதியில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தச் சமயத்தில் எங்கள் ஊர்க் கொடையில் சேரிப் பையன் ஒருத்தன் வட்டத்துக்குள் போய் நோட்டுக் குத்தப் பார்த்தான். அடிதடி. ஆட்டம் பாதியில் நின்றது. மேளக்காரர்கள் தவிலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடுத்து வந்த வருசங்களில் நாங்கள் தனியாகக் கொடை வைத்தோம். 1998இல் மதுரைப் பக்கத்துச் செட்டு ஒன்றைப் பேசி, எங்கள் தெருவிலேயே கரகாட்டம்.

அன்றுதான் ஓர் ஆட்டக்காரியின் முகத்தை நான் முதல் தடவையாக நேராகப் பார்த்தேன். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது. முன்வட்டத்தில் எங்கள் அண்ணன் தம்பிகள். மைக்கில் எங்கள் ஆட்கள் பெயர். என் பெரியப்பா மகன் நூறு ரூபாய் நோட்டோடு போனான், காந்தி படம் போட்ட புது நோட்டு. குத்தினான். கொஞ்சம் நேரம் எடுத்துக் குத்தினான். அவள் மைக்கை வாங்கிச் சொன்னாள்: "தம்பி, நீ காந்திக்குக் குத்துதியா எனக்குக் குத்துதியா? ரெண்டு பேருக்கும் வலிக்குதுப்பா."

பெண்கள் பக்கம் வெடித்துச் சிரித்தது. ஆம்பளைகள் பக்கம் சிரிப்பு அரைகுறையாக வந்து நின்றது. "பொட்டச்சிக்கு வாயப் பாரு" என்று ஒருத்தன் சொன்னான். இதே மாதிரி ஒரு வாய் ஊர் மந்தையில் அண்ணாச்சிமாரைக் கேலி பேசியபோது புஞ்சையில் நின்று விசில் அடித்தவன்தான் அவன். சாதிக்கு எதிராகக் கேட்ட உரிமை, கடைசியில் அவள் ரவிக்கையில் குத்துகிற உரிமையாக வந்து நின்றது. எங்கள் ஆட்கள் வாங்கிய அடியும் நிஜம், அவளுக்குக் குத்திய ஊக்கும் நிஜம். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. இதை ஒரு கூட்டத்தில் பேசியபோது 'சாதிப் பிரச்சினையைத் திசை திருப்புகிறீர்கள்' என்றார் ஒரு தோழர். பாமாவின் 'கிசும்புக்காரன்' தொகுப்பு 1996இல் வந்தது. கேலிதான் எங்களிடம் இருந்த ஆயுதம் என்று நாமெல்லாம் அதைக் கொண்டாடினோம். சரிதான். ஆனால் கிசும்பு பண்ணுகிற ஆணை ரசிக்கிற அளவுக்குக் கிசும்பு பண்ணுகிற பெண்ணை நம் தெருவே ரசிப்பதில்லை.

வெள்ளைக்காரர்கள் ஊரில் இதற்கு நெருங்கிய உறவாக ஓர் ஆட்டம் உண்டு. பர்லெஸ்க் என்பார்கள். 1868இல் லிடியா தாம்ப்சன் என்ற இங்கிலாந்து நடிகை தன் குழுவோடு நியூயார்க் போய் இறங்கினார். கிரேக்கப் புராணக் கதை ஒன்றை எடுத்து, பெண்களே ஆண்வேடம் கட்டி, காலோடு ஒட்டிய உடுப்புப் போட்டு, அன்றன்றைய நடப்பைக் கிண்டலடித்து எதுகையோடு பேசினார்கள். ஊர் இரண்டுபட்டது. சிகாகோவில் ஒரு பத்திரிகை ஆசிரியர் இவர்களைக் கேவலமாக எழுத, 1870இல் லிடியா அவரைத் தெருவில் வைத்துச் சாட்டையால் அடித்தார், அபராதமும் கட்டினார். இந்த வரலாற்றை 1991இல் புத்தகமாக எழுதிய ராபர்ட் ஆலன் காட்டுவது முக்கியமானது. பெண்கள் உடம்பைக் காட்டியதோடு நிற்கவில்லை, காட்டிக்கொண்டே வாயாடவும் செய்தார்கள், அதுதான் பெரிய மனிதர்களுக்குப் பொறுக்கவில்லை. போகப்போகப் பேச்சு ஆண் கோமாளிகளிடம் போய்விட்டது. பெண் வாயை மூடிக்கொண்டு உடுப்பைக் கழற்றுகிறவள் ஆனாள். 1937இல் நியூயார்க் நகர நிர்வாகம் உரிமம் கொடுக்க மறுத்து அந்தக் கொட்டகைகளை மூடியபோது, மூடப்பட்டது ஏற்கனவே ஊமையாக்கப்பட்ட ஆட்டம். 1990களில் அங்கே பெண்கள் இதைத் திரும்ப எடுத்தார்கள். இப்போது அவர்களே ஜோக் எழுதுகிறார்கள், பெண்களும் டிக்கெட் வாங்கி வந்து பார்க்கிறார்கள். அதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. அங்கே பலர் விரும்பி மேடை ஏறுகிறார்கள். இங்கே சாதியும் பசியும் ஏற்றிவிடுகின்றன. ஆனாலும் பேச்சைப் பிடுங்குகிற கதை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நம் ஊரில் பிடுங்கியது எப்படி? ஸ்பெஷல் நாடகத்தில் ஆரம்பம் முதலே பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். இந்த மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் விடிய விடிய நடக்கும். ஆனால் கதை தொடங்குமுன் பபூன் வந்துவிடுவார். தனியாக நின்று ஊரோடு பேசுவார். அப்புறம் 'டான்ஸ்' வருவார். அந்த நடிகைக்குப் பெயரே டான்ஸ்தான். நடுரோட்டில் இரண்டு பேரும் மோதிக்கொள்வார்கள், வாய்ச்சண்டை, போட்டிப் பாட்டு. மதுரையில் இந்த நடிகர்களோடு பழகி சூசன் சைசர் எழுதிய புத்தகம் 2005இல் வந்தது. மேடையில் நடுரோட்டுப் பெண்ணாக நடித்த நடிகை, நிஜ ரோட்டில் மானத்தோடு போய்வர எத்தனை மறைப்புகள் தேடுகிறாள் என்பதை அதில் விரிவாக எழுதியிருக்கிறார். பபூன் ஆட்டம் முடிந்தால் டீக்கடையில் அண்ணாச்சி. அவள் வேனுக்குள்.

1989இல் 'கரகாட்டக்காரன்' வந்தது, மதுரையில் ஒரு வருசத்துக்கு மேல் ஓடியது. கரகாட்டத்துக்கு மரியாதை தந்த படம் என்பார்கள். பேச்செல்லாம் கவுண்டமணிக்கும் செந்திலுக்கும், கொஞ்சம் கோவை சரளாவுக்கு. கதாநாயகி ஆடுவாள், காதலிப்பாள், அழுவாள். மரியாதை வேண்டுமென்றால் வாயை விட்டுக்கொடு என்பது ஒப்பந்தம். பாஞ்சாலங்குறிச்சியிலேயே தேவராட்டத்தைப் பாருங்கள். கம்பளத்து நாயக்கர்களின் ஆட்டம், உறுமிக்குக் கைத்துணி வீசி ஆண்கள் ஆடி வந்தது. அருமையான ஆட்டம், எனக்கும் பிடிக்கும். அதில் பேச்சில்லை, கேலியில்லை, பெண்ணும் இல்லாமல்தான் இருந்தது. அதைக் கல்லூரிகளில் கற்றுத் தருகிறார்கள், அரசு விழாக்களில் முன்னால் விடுகிறார்கள். பெண் பேசிய ஆட்டத்துக்குப் போலீஸ் பந்தோபஸ்து.

பிறகு ஆடல் பாடல் வந்தது. ஸ்பீக்கர், கலர் லைட்டு, சினிமாப் பாட்டு. மேளக்காரர்கள் வேண்டாம். அவள் பேச வேண்டியதும் இல்லை, பாட்டு ஓடும், அவள் வாயசைத்து ஆட வேண்டும். பேசுவதற்குத் தொகுப்பாளர் ஒருத்தர், அநேகமாக ஆண். காவல்துறை அனுமதி தராது, விழாக்குழு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும், நிபந்தனைகளோடு அனுமதி வரும். ஆபாச உடை கூடாது, இரட்டை அர்த்தம் கூடாது, சாதிப் பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும். சாதிப் பாட்டுக் கூடாது என்பது நல்ல நிபந்தனை, இந்தப் பகுதியில் அது உயிர் காக்கிற நிபந்தனை. மற்றவையெல்லாம் அவள் உடம்பைப் பற்றியும் பேச்சைப் பற்றியுமானவை. கூப்பிட்டு வந்தவன் கையைப் பற்றி, குடித்துவிட்டு மேடையேறுகிறவனைப் பற்றி, பேசிய சம்பளத்தைப் பற்றி, விடியற்காலையில் அவள் எப்படி ஊர் போய்ச் சேருகிறாள் என்பதைப் பற்றி யாருக்கும் கவலை வந்ததாகத் தெரியவில்லை.

2023இல் குறவன் குறத்தி ஆட்டத்துக்கு முடிவு வந்தது. எங்கள் பெயரைச் சொல்லி எங்கள் பெண்களைக் கேவலப்படுத்துகிறார்கள் என்று குறவர் மக்கள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மதுரைக் கிளை அதைத் தடுக்கச் சொன்னது, தமிழக அரசு நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து அந்த ஆட்டத்தை நீக்கியது. நான் இதை வரவேற்கிறேன். புஞ்சையில் நின்று சிரித்தவள் என்ற முறையில் வரவேற்க வேண்டிய கடமையும் எனக்கு இருக்கிறது. ஆனால் எந்தக் காரணத்துக்காக வரவேற்கிறோம் என்பதில் கறாராக இருக்க வேண்டும். ஒரு சாதியின் பெயரை இழிவுக்குப் பயன்படுத்தியது குற்றம். அதைச் சொல்லாமல் 'ஆபாசம் ஒழிந்தது' என்று கொண்டாடுகிறவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. அவர்களுக்குக் குறவர் மானமும் பெரிதில்லை, ஆட்டக்காரி சோறும் பெரிதில்லை. பெயரை எடுத்துவிட்டு அதே ஜோக்கை வேறு பெயரில் போட்டால் அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

போன சித்திரையில் பாஞ்சாலங்குறிச்சி சக்கம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கோட்டைக்குப் போகிற ரோட்டில் ஒரு டீக்கடையில், முப்பது வருசம் கரகம் ஆடிய ஒரு அக்காவைப் பார்த்தேன். முட்டி தேய்ந்துவிட்டது, இப்போது ஆடுவதில்லை. மகளை ஆட விடவில்லை, நர்சிங் படிக்க வைத்திருக்கிறார். அந்தக் காந்தி ஜோக்கைச் சொல்லி, "அது நீங்களா இருக்குமோ?" என்று கேட்டேன். "நான் இல்ல தாயி. ஆனா அதை நானும் சொல்லியிருக்கேன். எல்லாரும்தான் சொல்லுவோம். ஊக்குக் குத்தும்போது சிரிச்சுக்கிட்டே எதையாவது சொன்னாத்தான் கைய எடுப்பான். கோவமாச் சொன்னா ஆட்டம் நின்னுரும், சம்பளம் வராது" என்றார்.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. தீப்பெட்டி ஆபீசில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த பதில்களில் எத்தனை இப்படிக் கையைத் தட்டிவிடுவதற்காகச் சொன்னவை என்று எண்ணிப் பார்த்தேன். இவ்வளவு எழுதிய பிறகும் அந்தச் சிரிப்பைக் கலகம் என்று சொல்லவா, தற்காப்பு என்று சொல்லவா என்று எனக்குத் தீர்மானமாகவில்லை. அவரிடமே கேட்டேன். "ரெண்டு சோலியும் ஒரே வாய்தான பாத்துச்சு" என்றார்.

இதை எழுதலாமா என்று கேட்டேன். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "எழுது. பேரு போட்ராத. மகளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டிருக்கோம்."